இருப்பையும் மலைவாழ்வும்

1. முன்னுரை

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை' என்பது தமிழகத்தில் பெருவழக்காக உள்ள பழமொழி. சிறந்த பொருள் கிடையாத இடத்தில் தாழ்ந்த பொருளே சிறந்ததாகக் கொள்ளப்படும் என்னும் கருத்தில் இதனை எடுத்தாளுகிறோம். இது கரும்பாலை உள்ள ஊரார், ஆலையில்லாத ஊரை நோக்கிச் சொன்ன சொல் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கரும்பு விளைவதற்கு நீர்ப்பாய்ச்சலும் சமநிலமும் வேண்டும். ஆகவே ஆலையுள்ள ஊர் சமவெளியூர். ஆலையில்லா ஊர்களுள் மலையூர்கள் முதன்மையானவை. அம்மலையூரார் இலுப்பைப் பூவை எவ்வாறு மதித்தனர் என்பதைப் பழமொழி கூறவில்லை. அதனை அறியச் சங்கப் பாடல்களையே நாட வேண்டியுள்ளது.

எண்ணெய்வித்து மரங்களை மலைப்பகுதிகளில் வளர்த்து அங்குள்ள மக்களின் வாழ்க்கைக்குத் துணைசெய்தல் வேண்டும் என்னும் எண்ணம் கடந்த நாற்பது ஆண்டுகளில் அரசின் திட்டங்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. அத்திட்டங்கள் பெரும்பாலும் விதையையே நோக்கின. விதை தரும் எண்ணெயை அளந்தன. மரத்தின் பிற பயன்களையும், அம்மரம் யாருக்கு உரியது என்பதையும் போதிய அளவு நோக்கவில்லை. தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்துள்ள எண்ணெய்வித்து மரமாகிய இருப்பையின் வரலாறு இக்குறையைத் தெளிவாகக் காட்டுகின்றது. இலக்கியம், கல்வெட்டு, பிற்காலச் சட்டங்கள் ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரும் மரமும்

சங்க நூல்கள் 'இருப்பை' என்று வழங்கும் மரமே பிற்காலத்தில் 'இலுப்பை' ஆயிற்று. ரகரம் லகரமாகத் திரிதல் தமிழில் புதிதன்று. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இப்பெயரின் இனச்சொற்கள் உள்ளன. நடுவிந்திய மலைகளில் வாழும் கோண்டு மக்களின் மொழியிலும் இதன் இனச்சொல் வழங்குகின்றது. திராவிட மொழியினர் பலர்க்கும் இம்மரம் மிகப் பழங்காலந்தொட்டே தெரிந்திருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும். வடமொழியில் இது 'மதூகம்' எனப்படும். தேனின் இனிமை அப்பெயரில் அமைந்துள்ளது.

மேலை நாட்டறிஞர் இம்மரத்தை அறிந்ததும் தமிழகத்தின் வழியாகவே. தரங்கம்பாடியில் பணியாற்றிய கோனிக் என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்து எழுதினார். அவர் அளித்த விளக்கத்தைக் கொண்டு 1771இல் லின்னேயசு 'பாசியா லாங்கிபோலியா' என்னும் பெயரை வெளியிட்டார். 1918இல் அது 'மதுகா லாங்கிபோலியா' என மாற்றப்பட்டது. நடுவிந்தியாவில் 'மகுவா' என வழங்கும் மரம் இதன் நெருங்கிய உறவாகும். தாவர நூலார் பலர் அதனை இதன் ஒரு வகையாகவே கொள்வர்.

இம்மரத்தின் இயல்பில் இருவகைச் செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன. முதலாவது, காலம். வேனிற் பருவத்தில், பிற மரங்கள் வாடி நிற்கும் நாளில், இது பூக்கும். தசைப்பற்றும் இனிப்பும் உடைய பூவிதழ் வட்டம் இரவிலும் விடியலிலும் தானே உதிரும். சூல் மட்டும் கிளையில் நின்று காயாகி, வேனில் முடிந்து மழை தொடங்கும் நாளில் கனியும். ஆகவே பூவைப் பொறுக்குவதால் விதை குறைவதில்லை. ஒரே மரம் ஓராண்டில் இருமுறை பயன் தருகின்றது. இரண்டாவது, உறுப்புகளின் பயன். பூ உணவாகும், உலர்த்தினால் பல திங்கள் கெடாது. பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதியளவு எண்ணெய் உண்டு. பிண்ணாக்கு நச்சுத்தன்மை உடையதாதலின் மாட்டுக்கு ஆகாது. எருவுக்கும், தலைமுழுகவும், மீன் பிடிக்கவும் பயன்படும். மரம் வயிரமுடையது. பழத்தை வௌவால் தின்று கொட்டையை மரத்தடியில் உதிர்க்கும். அதனைப் பொறுக்குதல் எளிது.

3. சங்கப் பாடல்களில் இருப்பை

குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய தொகைகளில் இருப்பை பலவிடத்தும் பேசப்படுகின்றது. பெரும்பாலான குறிப்புகள் பாலைப் பாடல்களில் வருவன. தலைவன் செல்லும் வழியில் இருப்பைப் பூ உதிர்ந்து கிடக்கும். கரடிகள் அதனைத் தின்னும். நற்றிணையின் நெய்தற் பாடலொன்று (111) கடற்கரையில் பிடித்த இறாமீனுக்கு இருப்பைப் பூவை உவமை கூறுகின்றது. கடற்கரையில் வாழ்ந்தோரும் கேட்ட அளவில் அறிந்துகொள்ளத்தக்க பொருளாக அப்பூ இருந்தது என இதனால் உணரலாம்.

இவற்றுள் நமக்கு மிகவும் இன்றியமையாதது மாமூலனார் பாடிய அகநானூற்று 331ஆம் பாடல். நெடிய அடிமரமும் சிவந்த தளிரும் உடைய இருப்பை, யானைக் கோட்டைக் கடைந்து செய்தாற்போன்ற வெண்பூக்களைத் தாங்கி நிற்கின்றது. குட்டிகளை ஈன்ற கரடிகள், ஆடுகள் பரந்தாற்போலத் திரண்டு வந்து அவற்றைத் தின்கின்றன. அவை தின்றது போக எஞ்சிய பூக்களைத் தழையாடை உடுத்த பழையர் மகளிர் நீண்ட மூங்கிற் குழாய்களில் சேர்த்துக்கொண்டு, குன்றிடத்துள்ள சிற்றூரின் தெருத்தோறும் திரிகின்றனர்.

இச்சிறு காட்சியில் ஒரு பொருளாதாரமே அடங்கியுள்ளது. பூவைச் சேர்ப்போர் மகளிர். சேர்க்கும் கலம் மலையில் விளைந்த மூங்கில். சேர்த்த பொருள் அவர்தம் வீட்டளவில் நின்றுவிடவில்லை. தெருத்தோறும் திரிதல் விற்றற்பொருட்டே எனக் கொள்வது பொருந்தும். விற்கும் இடமும் சமவெளிப் பேரூர் அன்று; குன்றகத்துச் சிறுகுடியே. மலையில் கிடைத்த பொருள் மலையிலேயே கைம்மாறியது. 'பழையர்' என்பாரைக் கள் விற்போர் எனக் கொள்ளுதலும் உண்டு. அங்ஙனமாயின் பூவை உணவாக மட்டுமன்றிக் கள்ளாகவும் ஆக்கியிருக்கலாம். பாட்டு அதனை வெளிப்படக் கூறவில்லை.

மலைவளத்தைக் கூறும் மற்றொரு பாட்டோடு இதனை ஒப்பிடுதல் நலம். புறநானூற்று 109ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்புமலை உழவர் உழாமலே நான்கு விளைவுகளை உடைத்து என்கிறார். அவை மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன. இது வளம் நிறைந்த குறிஞ்சி. இருப்பை அந்நான்கனுள் இடம்பெறவில்லை. அவ்வாறு இடம்பெறாமைக்குக் காரணம் காண்பது அரிதன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நல்லியல்பு இழந்தவிடத்துப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. அவ்வாறு மலை வறண்ட காலத்தில் பூப்பது இருப்பை. கிழங்கும் தினையும் இல்லாத நாளில் உண்பதற்கு ஒன்று தருவது அது. எனவே இருப்பை பாலைக்குரியதாகப் பாடப்படுதல் வழியின் கொடுமையை மட்டும் காட்டுவதாகாது. அவ்வழியிலும் மக்கள் எங்ஙனம் உயிர்வாழ்ந்தனர் என்பதையும் அஃது உணர்த்துகின்றது. பழமொழி 'தாழ்ந்த பொருள்' எனக் கருதியதை மலைமக்கள் பஞ்சப் பருவத்தின் துணையாகக் கருதினர் எனத் துணியலாம்.

சங்கப் பாடல்களில் நாம் கண்ட குறிப்புகள் பூவைப் பற்றியனவே. விதையும் எண்ணெயும் சமவெளிச் சான்றுகளோடு சேர்த்து ஆராயத்தக்கன.

4. சமவெளிச் சான்று: விளக்கும் செக்கும்

இடைக்காலக் கல்வெட்டுகள் விளக்கைப் பற்றி மிகுதியாகக் கூறுகின்றன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடு விடப்பட்டமை பல கல்வெட்டுகளில் காணப்படும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்னும் கணக்கும், நாளொன்றுக்கு உழக்கு நெய் அளத்தல் வேண்டும் என்னும் முறையும் உள்ளன. 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர் இம்முறையைச் சுட்டுவது. இது நெய்விளக்கு. ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் நிலமும் காப்போரும் வேண்டும்.

நெய்யோடு எண்ணெயும் விளக்கெரிக்கப் பயன்பட்டது. எண்ணெய் வாணிகராகிய சங்கரபாடியார் விளக்கறத்துக்குரிய முதலைப் பெற்று எண்ணெய் அளக்கும் பொறுப்பை ஏற்றமையைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. செக்குக்கு விதித்த வரி 'செக்கிறை' எனப்பட்டது. செய்தளித்தவர் பெயர் பொறித்த கற்செக்குகள் தமிழகத்தின் பல ஊர்களில் கண்டறியப்பட்டுள்ளன. செக்கு ஊர்ப்பொதுவான அறமாகவும், அரசுக்கு வருவாய் தரும் தொழிலாகவும், ஒரு வணிகக் குழுவின் உரிமையாகவும் விளங்கியமை இவற்றால் தெரிகின்றது.

எள்ளெண்ணெயோடு இலுப்பையெண்ணெயும் கோயில் விளக்கின் எண்ணெயாகத் தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கிவந்தது. இலுப்பைத் தோப்புகள் ஊர்தோறும் வைக்கப்பட்டன. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இலுப்பூர், காரைக்குடிக்கு அருகிலுள்ள இலுப்பைக்குடி, மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள இலுப்பைப்பட்டு முதலிய ஊர்ப்பெயர்கள் இம்மரத்தின் பரவலைக் காட்டும். இலுப்பைப்பட்டுக் கோயிலில் இலுப்பையே தலமரம்.

இவற்றை நோக்க, சமவெளியில் இம்மரம் பெற்ற மதிப்பு மலையில் பெற்ற மதிப்பினின்றும் வேறுபட்டதாகத் தோன்றுகின்றது. மலையில் பூ முதன்மை. சமவெளியில் விதை முதன்மை. மலையில் சேர்ப்போரே பயன்கொள்வோர். சமவெளியில் விதை செக்காரிடமும் கோயிலிடமும் சென்றடைந்தது. ஆனால் இருவகை மதிப்பும் மரத்துக்குக் காப்பாகவே அமைந்தன. உணவென்று கருதியோர் அதனை வெட்டவில்லை. விளக்கென்று கருதியோரும் வெட்டவில்லை.

5. மரவுரிமை: இரண்டு ஒப்பீடுகள்

மலைமக்கள் எண்ணெய்வித்து மரத்தின் மீது எத்தகைய உரிமை கொண்டிருந்தனர் என்பதற்குத் தமிழகச் சான்று மிகக் குறைவு. ஆகவே இம்மரத்தின் இனம் வாழும் பிற மலைகளை நோக்குதல் தகும்.

நடுவிந்திய மலைகளில் கோண்டு முதலிய மக்கள் காட்டைத் திருத்தி வயலாக்கும்போதும் மகுவா மரத்தை வெட்டாமல் விடுவர். வயலுக்கு உரியவர் ஒருவராகவும் மரத்துக்கு உரியவர் மற்றொருவராகவும் இருத்தல் அங்கு உண்டு. மரவுரிமை தந்தையிடமிருந்து மக்களுக்குச் செல்லும். பஞ்சக் காலத்தில் உலர்ந்த பூவே உணவாயிற்று. செக்கும் மாடும் இல்லாத சிற்றூர்களில், அவித்த விதையை இரு பெருங்கட்டைகளுக்கிடையே வைத்து நெம்பி எண்ணெய் எடுப்பர்.

இமயச் சாரலில், நேபாள நாட்டில், 'சியூரி' என்னும் மரம் உள்ளது. இதுவும் இலுப்பைக் குடும்பத்தைச் சார்ந்ததே. முன்னர் இலுப்பையோடு சேர்த்துப் 'பாசியா' என்னும் ஒரே இனத்துள் வைத்து எண்ணப்பட்டது. இதன் விதை நெய்போல் உறையும் கொழுப்பைத் தரும். பழம் உண்ணப்படும், இலை கால்நடைக்குத் தீவனமாகும், பூவில் தேனீக்கள் தேன் கொள்ளும், பிண்ணாக்கு எருவாகும். மக்குவான்பூர், சித்துவன், தாதிங்கு, கோர்க்கா மாவட்டங்களின் சரிவுகளில் வாழும் சேப்பாங்கு மக்கள் இம்மரத்தை மகளின் திருமணத்தின்போது சீராகக் கொடுக்கும் வழக்கமுடையோர். நிலம் ஒருவருக்கும் மரம் மற்றொருவருக்கும் உரியதாதல் இங்கும் காணப்படுகின்றது. அவ்வுரிமை பெண்ணுக்குச் செல்வது இதன் சிறப்பு.

மரத்தின் எல்லா உறுப்பும் பயன்படுதல், அப்பயனைக் கொள்வோர்க்கு மரத்தின்மீது ஐயமற்ற உரிமை இருத்தல் ஆகிய இரண்டும் இவ்விரு மலைகளிலும் ஒருங்கே அமைந்துள்ளன. மரம் வைத்துப் பயன்பெற எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். முழுப்பயன் பெற மேலும் பல்லாண்டுகள் ஆகும். நட்டவர் காலத்துக்குப் பின்னும் உரிமை நிலைக்கும் என்னும் உறுதி இல்லாதவிடத்து எவரும் நடார்.

6. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாற்றம்

இவ்வுறுதியைக் குலைத்தவை ஆங்கில ஆட்சிக்காலச் சட்டங்கள். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகளாக்க வழிவகுத்தது. அதன்பின் மலைமக்கள் வழிவழியாகச் சேர்த்துவந்த பொருள்கள் 'சிறு வனவிளைபொருள்' என்னும் பெயர் பெற்றன. அவற்றைச் சேர்க்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. சேர்க்கும் கை மலைமக்களுடையதாகவே இருப்ப, விலை கூறும் வாய் குத்தகையாளருடையதாயிற்று.

பம்பாய் மாகாணத்தில் 1892இல் மகுவாப் பூவுக்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பூவிலிருந்து மறைவாகச் சாராயம் காய்ச்சுவதைத் தடுத்து, அரசின் கலால் வருவாயைக் காப்பது அதன் நோக்கம். உணவாகிய பூவைச் சேர்த்து வைத்தலே அதனால் ஐயத்துக்குரிய செயலாயிற்று. மாமூலனார் காட்டிய மகளிரின் மூங்கிற்குழாய் இக்காலத்தில் இருந்திருப்பின் அதுவும் சோதனைக்குட்பட்டிருக்கும்.

பூவுக்குத் தடை வந்த அக்காலத்திலேயே விதைக்குத் தேவை மிகுந்தது. சவர்க்காரமும் செயற்கை வெண்ணெயும் செய்வதற்காக மகுவா விதை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. 1914க்கு முன் செருமனி அதனை மிகுதியாக வாங்கிற்று. உள்நாட்டிலோ மண்ணெண்ணெய் பரவியது. பின்னர் மின்விளக்கு வந்தது. வீட்டு விளக்கினின்றும் இலுப்பையெண்ணெய் நீங்கிக் கோயில் விளக்களவில் சுருங்கியது. ஆலைச் சர்க்கரை எங்கும் கிடைத்தபின் பூவும் மறக்கப்பட்டது. விளக்குக்கும் உணவுக்கும் ஆகாத மரம், வெட்டி விற்கும் மரமாக எண்ணப்படுதல் இயல்பே. முன்னர் இருபாலும் இருந்த காப்பு இவ்வாறு ஒருங்கே நீங்கியது.

7. அண்மைக்காலத் திட்டங்கள்

விடுதலைக்குப் பின் மலைமக்களுக்கென 1970களில் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1984இல் அமைக்கப்பெற்ற தேசிய எண்ணெய்வித்து, தாவர எண்ணெய் வளர்ச்சி வாரியம் பின்னர் மரவழி எண்ணெய்வித்துகளிலும் கருத்துச் செலுத்தியது. இலுப்பை, புங்கு, வேம்பு முதலியன அதன் திட்டங்களில் இடம்பெற்றன.

2003இல் இந்தியத் திட்டக்குழு அமைத்த குழுவொன்று தாவர எண்ணெயிலிருந்து ஊர்தி எரிபொருள் செய்வதற்குப் பரிந்துரை அளித்தது. அதற்கு முதன்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டது காட்டாமணக்கு. தமிழகத்திலும் அது பரவலாக நடப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கொள்கை, 2017க்குள் எரிபொருளில் நூற்றுக்கு 20 பங்கு தாவர எரிபொருளாதல் வேண்டும் எனக் குறித்தது. அக்குறி எட்டப்படவில்லை. வறண்ட நிலத்தில் காட்டாமணக்கு எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை. எண்ணெய் வாங்குவார் இல்லாதபோது அச்செடியால் உழவர்க்கு வேறு பயன் மிகுதியாக இல்லை: இலையை ஆடுமாடு தின்னாது; விதையும் பிண்ணாக்கும் நஞ்சு; பூ உணவாகாது. ஒரே பயனை நம்பிய திட்டம் அப்பயன் தவறியபோது முற்றிலும் தவறியது. 'பல்பயன் மரம்' என்னும் சொல்லின் பொருள் இத்தோல்வியால் நன்கு விளங்கும். பல பயன்களுள் ஒன்று தவறினும் மற்றொன்று தாங்கும் என்பதே அதன் சிறப்பு. பயன்களின் பட்டியல் நீளுதல் மட்டும் போதாது.

உரிமையைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் சிறு வனவிளைபொருளைச் சேர்க்கவும் பயன்கொள்ளவும் விற்கவும் மலைமக்களுக்கு உரிமையுண்டு என ஏற்றது. 1882இல் தொடங்கிய நிலையைச் சட்டத்தளவில் மாற்றியது இது. 2013-14இல் மைய அரசு வகுத்த குறைந்த அளவு ஆதரவு விலைத் திட்டத்தில் மகுவா விதையும் புங்க விதையும் புளியும் சேர்க்கப்பட்டன. சட்டம் தந்த உரிமை ஊர்தோறும் மரந்தோறும் வந்து சேருதலே இனி ஆகவேண்டுவது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

இருப்பை மலைமக்களுக்கு முதற்கண் உணவு மரம். பின்னரே எண்ணெய் மரம். வேனிலில் பூவும், அதனையடுத்து விதையும் தருதலால், மானாவாரிப் பயிர் ஒன்றும் இல்லாத இடைக்காலத்தை அஃது ஈடுசெய்கின்றது. சவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை முதலியவற்றில் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டும், புளியும் கடுக்காயும் தேனும் சேர்த்தும் வாழ்வோர்க்கு அத்தகைய மரங்களின் தேவை இன்றும் உண்டு. இவ்வகை மரங்களை அடிவாரங்களிலும் ஏற்ற சரிவுகளிலும் நடும்போது எண்ணெயளவு ஒன்றனையே கணக்கிடுதல் போதாது. எப்பருவத்தில் எது கிடைக்கும் என்னும் கணக்கும் வேண்டும்.

இலுப்பை விதை பறித்த சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழப்பது. தொலைவிலுள்ள பண்டசாலையில் சேர்த்துவைத்துப் பின்னர் அனுப்பும் முறை இதற்கு ஒவ்வாது. விதை விழும் ஊரிலேயே, விழும் பருவத்திலேயே நாற்றங்கால் அமைதல் வேண்டும். விழுந்த விதை முழுவதையும் பொறுக்கி விற்றுவிட்டால் இளமரம் தோன்றாது. கரடி தின்ற மிச்சிலைப் பொறுக்கிய பழையர் மகளிர், காட்டின் பங்கைக் காட்டுக்கு விட்ட பின்னரே தம் பங்கைக் கொண்டனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. எண்ணெயைப் பிழியும் சிறுபொறியும் மலையிலேயே அமையுமாயின், விதையின் விலையோடு எண்ணெயின் விலையும் பிண்ணாக்கின் பயனும் அங்கேயே தங்கும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது உரிமை. நடும் மரம் யாருக்கு உரியது என்பதை நடுவதற்கு முன்னரே வரையறுத்துப் பதிவு செய்தல் வேண்டும். பூவையும் விதையையும் சேர்ப்போர் மகளிர் என்பது சங்கப் பாடலும் இக்கால வழக்கமும் ஒருங்கே காட்டும் உண்மையாதலின், அவ்வுரிமை மகளிர் பெயரில் அமைதல் பொருத்தமுடைத்து.

தமிழாராய்ச்சியாளர் செய்யவேண்டிய பணியும் ஒன்றுண்டு. இம்மரம், இதன் பருவம், பூவைச் சேர்க்கும் முறை, பங்கீடு, எண்ணெயெடுக்கும் கருவி ஆகியவை பற்றி மலையூர்களில் இன்றும் வழங்கும் சொற்கள் முற்றத் தொகுக்கப்படவில்லை. முதியோர் இருக்கும்போதே அவற்றைத் தொகுத்தல் வேண்டும். அச்சொற்கள் கிடைக்குமாயின் ஆலையுள்ள ஊரின் பழமொழியோடு, ஆலையில்லா ஊர் இப்பூவைப் பற்றித் தானே கூறுவதையும் சேர்த்து எண்ண இயலும்.